எதிர்ப்பக்கத்துக்காரர்

வானொலி நிலையத்தில் அவளுக்குப் பெயர் 'மறுபக்கம்'. சம்பளப் பட்டியலில் வேறு பெயர் உண்டு. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லித் தொலைபேசியில் கேட்டால், "அப்படி யாரும் இங்க இல்லையே" என்று வரவேற்பறைப் பெண் வைத்துவிடுவாள். "மறுபக்கம் அக்கா" என்று கேட்க வேண்டும். உடனே இணைப்புக் கிடைக்கும்.

கருத்து வேறுபாடு உள்ள பொது விஷயத்தை ஒலிபரப்பினால் இரு தரப்பும் நியாயமான அளவுக்குக் கேட்கப்பட வேண்டும் என்பது சட்டம். சட்டம் எழுதியவர்களுக்கு அது ஒரு வரி. முதல் தரப்பு எப்போதும் தானாகவே வந்துவிடும். தலை சீவி, குறிப்பு எழுதி, ஐந்து மணி நிகழ்ச்சிக்கு நாலு மணிக்கே வந்து உட்கார்ந்திருக்கும். இரண்டாவது தரப்பை வீடு தேடிப் போய், தாஜா செய்து, சட்டை மாற்ற வைத்துக் கூட்டி வர வேண்டும். அதுதான் அவள் வேலை.

இருபது வருடத்துக்கு முன் தட்டச்சு செய்ய வந்தவள். சட்டம் அமலுக்கு வந்த வாரம், பேசுகிறவர்களுக்கு நேரம் குறிக்க ஆள் வேண்டும் என்று அப்போதைய மேலாளர் அறை அறையாக விசாரித்தார். யாரிடம் ஸ்டாப் வாட்ச் இருக்கிறது என்பதே கேள்வி. அவளிடம் இருந்தது. பள்ளிக்கூட ஓட்டப் பந்தயங்களில் அவள் தவறாமல் கடைசியாக வந்ததால், மனம் நொந்த விளையாட்டு ஆசிரியை, "நீ ஓட வேணாம்மா, நேரம் குறி" என்று கையில் கொடுத்த கடிகாரம் அது. ஓடத் தெரியாததால் வந்த கடிகாரம், நிலையத்தில் அவளை ஒருநாளும் உட்காரவிடவில்லை.

அவளுடைய நோட்டுப் புத்தகம் அகர வரிசையில் இருக்காது. 'பாலம் – வேண்டும்', 'பாலம் – வேண்டாம்', 'மணிக்கூண்டு – அடிக்கட்டும்', 'மணிக்கூண்டு – அடிக்கக் கூடாது' என்று மனிதர்களைக் கருத்து வாரியாகப் பிரித்திருந்தாள். கடைசிப் பக்கத்தில் 'எதுவானாலும் வேண்டாம்' என்று ஒரே ஒரு ஆள். ஓய்வு பெற்ற நில அளவையாளர். எந்த அவசரத்துக்கும் உதவுவார். ஆனால் ஒரே வாரத்தில் பாலத்தை எதிர்த்தும், பாலத்தை எதிர்ப்பவர்களை எதிர்த்தும் பேசிவிட்டதால் அவருக்கு ஓய்வு கொடுக்க வேண்டியதாயிற்று. நோட்டின் முதல் பக்கத்தில் அவளே சிவப்பு மையில் எழுதி வைத்த ஒரு விதி இருந்தது: 'நம்பாததைச் சொல்ல ஆள் பிடிக்காதே.' சட்டத்தில் இது இல்லை.

வீட்டிலும் தொழில் புத்தி போகாது. மகள்கள் இருவரும் எலியும் பூனையுமாகச் சண்டை போட்டால் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பெரியவளுக்கு நாலு நிமிடம், சின்னவளுக்கு நாலு நிமிடம் என்று பேசவிடுவாள். மூன்றாவது நிமிடத்திலேயே இருவருக்கும் சொல்வதற்கு ஒன்றும் இருக்காது. "இன்னும் ஒரு நிமிஷம் இருக்கு, திட்டு" என்பாள். திட்டுவதற்கு நேரம் ஒதுக்கினால் யாருக்குத்தான் திட்ட வரும்? கணவன் மின்தூக்கி பழுது பார்ப்பவன். மேலே போவதும் கீழே வருவதும் அவனுக்கு ஒன்றுதான். எதைக் கேட்டாலும் "ஆமாம்" என்பான். ஊர் முழுக்க எதிர்ப்பைத் தேடி அலைகிறவளுக்கு வீட்டில் மருந்துக்குக்கூட எதிர்ப்பு இல்லை. "மாமியார் வீட்டு வாழ்க்கைன்னா நாங்கள்லாம் என்ன பாடு பட்டோம்! நீ கொடுத்து வச்சவ அண்ணி," என்று நாத்தனார் அடிக்கடி சொல்வாள். சொல்கிறவள் வாரத்தில் நாலு நாள் இங்கேதான் இருந்தாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில், ஒலிபரப்புக் கண்காணிப்பு அலுவலகத்திலிருந்து ஒரே வருடத்தில் இரண்டு கடிதங்கள் வந்தன.

முதல் கடிதத்துக்குக் காரணம் அறிவிப்பாளர். தேன் குரல், மனசும் இளகியது. தனக்குப் பிடித்த கருத்தை யாராவது சொன்னால் "அருமை" என்று சொல்லாமல் இருக்க அவரால் முடியாது. பள்ளி நேரத்தை மாற்றலாமா என்ற விவாதத்தில் ஒரு தரப்புக்குப் பதினாலு 'அருமை' விழுந்திருந்தது. மறு தரப்புக்கு ஒரு 'சரி'. அதன் பிறகு, ஒரு 'அருமை'க்கு இரண்டு விநாடி என்று அந்தந்தத் தரப்பின் நேரத்திலேயே அவள் சேர்த்து எழுதத் தொடங்கினாள். இரண்டாவது கடிதத்துக்குக் காரணம் மைக். மறுதரப்பின் மைக் நாலு நிமிடம் அணைந்தே இருந்தது. அவர் கையை ஆட்டி ஆட்டிப் பேசியது ஸ்டூடியோக் கண்ணாடிக்கு மட்டும் கேட்டது. மூன்றாவது குறை வந்தால் 'இரு பக்கம்' நிகழ்ச்சி நிறுத்தப்படும் என்று அந்தக் கடிதத்தின் கடைசி வரியில் இருந்தது. நிகழ்ச்சி நின்றால் அவளை விளம்பரப் பிரிவுக்கு மாற்றுவதென்று முடிவாகிவிட்டது. அங்கே மெத்தை விளம்பரத்தைத் தட்டச்சு செய்ய வேண்டும். மெத்தைக்கு மறுபக்கம் உண்டுதான். ஆனால் அதைப் பற்றிப் பேச யாரையும் கூப்பிட வேண்டியதில்லை.

அந்தச் சமயத்தில்தான் கடைவீதியில் வண்டிகளைத் தடை செய்யலாமா என்ற பிரச்சினை எழுந்தது. காலை ஒன்பது முதல் இரவு ஒன்பது வரை நடப்பவர்களுக்கு மட்டுமே வீதி என்பது நகராட்சியின் யோசனை. ஆதரவுக்கு அதே வீதியில் கிளினிக் வைத்திருக்கும் பெண் டாக்டர் வருவதாகச் சொல்லிவிட்டார். எதிர்ப்புக்கு, சரக்கு வேன் உரிமையாளர் சங்கச் செயலாளரை மூன்று நாள் நடையாய் நடந்து சம்மதிக்க வைத்திருந்தாள். அவருக்கு ஒரே நிபந்தனை: கார் அனுப்ப வேண்டும். இருபது வேன் வைத்திருப்பவர் வேனில் வந்தால் மரியாதை இல்லையாம்.

நிகழ்ச்சியன்று பகலில் அவளுக்குக் கடைவாய்ப் பல் வலி உயிர் போயிற்று. பல் மருத்துவர் பிடுங்கி, பஞ்சை வைத்து அழுத்தி, "நாலு மணி நேரம் பேசக் கூடாது" என்று அனுப்பினார். மூன்றரைக்கு வீங்கிய கன்னத்தோடு நிலையத்துக்கு வந்தவள், செய்ய வேண்டியதையெல்லாம் சீட்டில் எழுதி நீட்டினாள். ஓட்டுநருக்கும் ஒரு சீட்டு: 'எதிர்ப்பக்கத்துக்காரரை நாலரைக்குள் கூட்டி வரவும். வர மறுத்தாலும் விட வேண்டாம்.'

நிலையத்துப் பேச்சில் ஆதரிக்க வருகிறவர் 'இந்தப் பக்கத்துக்காரர்', எதிர்க்க வருகிறவர் 'எதிர்ப்பக்கத்துக்காரர்'. பழைய ஓட்டுநருக்கு இது அத்துப்படி. எங்கே போக வேண்டும் என்றுகூட அவரே விசாரித்துக்கொள்வார். ஆனால் அவர் இடுப்பு வலியென்று விடுப்பில் போயிருந்தார். அவருக்குப் பதிலாக வந்தவர் அதற்கு முன் முப்பது வருடம் மரச்சாமான் கடையில் வண்டி ஓட்டியவர். சீட்டில் என்ன இருக்கிறதோ அதைத் தூக்கி வந்து வைப்பார்; மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்க மாட்டார்.

நாலே முக்காலுக்கு அவள் ஸ்டூடியோவுக்குள் நுழைந்தபோது டாக்டர் குறிப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அவருக்கு எதிரே, கழுத்தில் அளவு நாடாவும் காதில் சாக்குக்கட்டியுமாக, அதே கடைவீதியில் நிலையத்துக்கு எதிர்ப்பக்கத்தில் கடை வைத்திருக்கும் தையல்காரர் உட்கார்ந்திருந்தார்.

அவள் கண்கள் விரிந்தன. வாய் திறக்க முடியவில்லை. கையை மட்டும் விரித்துக் காட்டினாள்.

"பாரும்மா," என்றார் தையல்காரர், ஆள் கிடைத்த நிம்மதியில். "காஜா எடுத்துக்கிட்டு இருந்தேன். இவரு வந்து 'கிளம்புங்க'ங்கிறாரு. வேலை இருக்குய்யான்னா, 'மறுத்தாலும் விடக் கூடாதுன்னு எழுதியிருக்கு'ன்னு கையைப் புடிச்சு ரோட்டைத் தாண்ட வச்சுட்டாரு. நான் என்ன தப்புப் பண்ணினேன்?"

ஓட்டுநர் பெருமையோடு சீட்டை எடுத்துக் காட்டினார். "எதிர்ப்பக்கத்துக்காரர். இவர்தானேம்மா எதிர்ப்பக்கம்? கார்கூட எடுக்கலை. பெட்ரோல் மிச்சம்."

மேலாளர் ஓடி வந்தார். செயலாளர் வீட்டுக்குத் தொலைபேசி போட்டார்கள். "ஒரு மணி நேரமா வாசல்ல நின்னுட்டு, 'கார் அனுப்பத் துப்பில்லாதவங்க என்ன ரேடியோ நடத்துறாங்க'ன்னு திட்டிட்டு லோடு இறக்கப் போயிட்டாரு" என்றார் அவர் மனைவி. மணி நாலு ஐம்பது. நேரடி ஒலிபரப்பு. மூன்று நாளாக அறிவித்த விவாதத்தைக் கைவிட்டாலும் அது ஒரு குறை.

"அண்ணே," என்று மேலாளர் தையல்காரரின் பக்கத்தில் குனிந்தார். "கடைவீதியில வண்டி வரக் கூடாதுங்கிறதுக்கு நீங்க எதிர்ப்புதானே?"

"நானா? வரவே கூடாது சார். புழுதி பூரா என் துணி மேலதான். நான் முழு ஆதரவு."

மேலாளர் நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார். "அரை மணி நேரம் மட்டும் எதிர்ப்புன்னு சொல்லிடுங்களேன். சும்மா."

அவள் மேசையை ஓங்கித் தட்டினாள். வீங்கிய முகம் சிவந்திருந்தது. சீட்டில் கிறுக்கி மேலாளர் மூக்குக்கு நேரே நீட்டினாள்: 'கூடாது. அவர் நினைப்பதை அவர் பேசட்டும்.'

"அப்ப உங்களுக்கு மெத்தைதான்," என்றார் மேலாளர் பரிதாபமாக. அவள் தோளைக் குலுக்கிவிட்டுக் கண்ணாடிக்கு அந்தப் புறம் போய் ஸ்டாப் வாட்சோடு உட்கார்ந்தாள். தாளில் இரண்டு கட்டம், 'ஆதரவு', 'எதிர்ப்பு'. இரண்டாவது கட்டம் காலியாகவே இருக்கப் போகிறது என்று தெரிந்தும் கோட்டை நேராகத்தான் போட்டாள்.

டாக்டர் ஆரம்பித்தார். சாலையைக் கடக்கும்போது அடிபட்ட குழந்தைகள், புகை, இருமல் எல்லாம் புள்ளி விவரத்தோடு வந்தன. "அருமை" என்றார் அறிவிப்பாளர். இரண்டு விநாடி. அடுத்துத் தையல்காரர். "டாக்டர் சொல்றது நூத்துக்கு நூறு. ஒரு ஹாரன் அடிச்சா என் கத்திரி அரை இஞ்ச் தாண்டுது. இந்த ஊர்ல எத்தனை பேர் ஒரு கால் குட்டையா கால்சட்டை போட்டுக்கிட்டு நடக்குறாங்க! அதுக்கெல்லாம் வேன்காரங்கதான் பொறுப்பு. ஆனா பழி யார் மேல?" அறிவிப்பாளருக்கு அடுத்தடுத்து மூன்று 'அருமை' வந்தது. முதல் பத்து நிமிடத்தில் ஆதரவு ஒன்பதரை; எதிர்ப்பு பூஜ்யம். மேலாளர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அவள் ஒரு அட்டையில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தாள்: 'இவருக்கு இதனால் என்ன சிரமம்? கேளுங்கள்.' சொல்லிக்கொடுத்துப் பேச வைப்பதுதான் தப்பு, கேட்பது தப்பில்லை.

அறிவிப்பாளர் கேட்டார். "சிரமமா? எனக்கா?" தையல்காரர் சிரித்தார். "ஒண்ணுமில்லை. துணி மூட்டை வர்றதுதான்..." நிறுத்தினார். "அது வண்டியிலதான் வரும். வண்டி வராதுல்ல?"

"காலையில ஒன்பது மணிக்கு முன்னாடி வந்துடலாமே," என்றார் டாக்டர்.

"ஒன்பதுக்கு நான் கடையே திறக்கிறதில்லை."

"சீக்கிரம் திறங்க."

"நீங்க எத்தனை மணிக்கு டாக்டர் கிளினிக் திறக்கிறீங்க?"

டாக்டர் தொண்டையைக் கனைத்தார். "பத்தரை."

அவள் ஸ்டாப் வாட்சை அழுத்தினாள். இரண்டாவது கட்டத்தில் முதல் எண்ணை எழுதினாள்.

அதற்குப் பிறகு தையல்காரரைப் பிடிக்க முடியவில்லை. "கால் முடியாத பெரியவர் ஒருத்தர் வாசல் வரைக்கும் கார்ல வந்து அளவு குடுப்பாரு. அவரு பஸ் நிறுத்தத்துலேர்ந்து நடக்கணுமா? அங்கேர்ந்து என் கடை நானூத்தி இருபது அடி."

"அளந்தா பார்த்தீங்க?"

"டேப்பு கழுத்துலயே கிடக்கு. வேலை இல்லாத நாள்ல மனுஷன் வேற என்னதான் செய்வான்?"

டாக்டருக்குத் தம்மிடம் வருகிற மூட்டு வலிக்காரர்கள் ஞாபகம் வந்தார்கள். பேச்சு இறங்கியது. நோயாளிகள் வண்டியில் வர முடியாவிட்டால் தம் கிளினிக்கும் சிரமப்படும் என்றார்; யோசித்துப் பார்த்தால் இந்தத் தடை அவசர முடிவாகவே படுகிறது என்றார். இதைக் கேட்டுத் தையல்காரர் பதறிப் போனார். "என்ன டாக்டர் நீங்க இப்படிச் சொல்லிட்டீங்க! உங்களுக்கொரு விலக்கு, எனக்கொரு விலக்குன்னு ஆளாளுக்கு வாங்கிட்டா குழந்தைங்க எப்படி ரோட்டைக் கடக்கும்? வீதியில வண்டியை நிறுத்தித்தான் ஆகணும்!" ஒடுக்கமான நடைவழியில் எதிரெதிரே வந்த இரண்டு பேர் வழிவிடுகிறேன் பேர்வழி என்று மாறி மாறி ஒரே பக்கம் ஒதுங்குவார்களே, அப்படி இருந்தது அது. அவர் ஆதரவுக்கு வந்தால் இவர் எதிர்ப்புக்குப் போனார். இவர் திரும்பினால் அவர் தாண்டினார். அவள் பேனா இரண்டு கட்டத்துக்கும் நடுவே ஓடிக்கொண்டே இருந்தது. வலி மறந்துபோய்ப் பஞ்சோடு சிரித்துக்கொண்டிருந்தாள். அறிவிப்பாளருக்கோ எதற்கு 'அருமை' சொல்வதென்றே தெரியவில்லை.

கடைசியில் டாக்டர் கேட்டார். "சரி, உங்க கடையா, அந்தக் குழந்தைங்களா? எது முக்கியம்னா என்ன சொல்வீங்க?"

தையல்காரர் பேசவில்லை. வானொலியில் மூன்று விநாடி மௌனம் என்றாலே நிலையம் செத்துவிட்டது என்று அர்த்தம். தொழில்நுட்பக்காரர் பாட்டுப் போடக் கையை நீட்டினார். அவள் அந்தக் கையைப் பிடித்து அழுத்திக்கொண்டாள். ஏழு. ஒன்பது. பதினொன்று.

"கேள்வியே தப்பா இருக்கு டாக்டர்," என்றார் தையல்காரர் மெதுவாக. "அந்தக் குழந்தைங்களுக்கும் நான்தானே தைக்கிறேன்?"

நிகழ்ச்சி முடிந்ததும் தொலைபேசி ஓயவில்லை. மூன்றாவது அழைப்பு சங்கச் செயலாளர். வேனிலிருந்தபடியே கேட்டாராம். "நான் சொல்ல வந்ததை அந்தத் தையக்காரரே சொல்லிட்டாரு. ஆனா பாதிதான். மீதியை நான் சொல்லணும்." 'நிகழ்ச்சி இருந்தால், அடுத்த வாரம் உங்களுக்கு நேரம்' என்று சீட்டில் எழுதி, அறிவிப்பாளரிடம் நீட்டி அவருக்குச் சொல்ல வைத்தாள். வீட்டில் கணவன், "நிறுத்தினா நிறுத்தட்டும், நிறுத்தலைன்னா நடக்கட்டும்" என்று ஆறுதல் சொன்னான்.

நாலாம் நாள் கண்காணிப்பு அலுவலகத்திலிருந்து அதிகாரியே நேரில் வந்தார். ஒல்லியான மனிதர், பை நிறையப் படிவம். நிகழ்ச்சி ஒலிப்பதிவையும் தம்முடைய ஸ்டாப் வாட்சையும் மேசையில் வைத்தார். மேலாளர் தண்ணீர் குடித்தார்.

"படிவத்துல 'எதிர்த் தரப்பாளர் பெயர்'னு ஒரு இடம் இருக்கு," என்றார் அதிகாரி. "நீங்க ரெண்டு பேர் பெயரையும் எழுதியிருக்கீங்க. 'ஆதரவுத் தரப்பாளர்'லயும் அதே ரெண்டு பேர். விளையாடறீங்களாம்மா?"

"இல்லை சார்." வீக்கம் வடிந்து அவளுக்குப் பேச்சு வந்திருந்தது. "உண்மையைத்தான் எழுதினேன்."

"ரெண்டு பேருமே ஆதரவா பேச வந்தவங்கதானே? எதிர்க்க ஆளே கூட்டி வரலை. அப்ப குறைதானே?"

"சட்டத்துல எப்படி இருக்கு சார்? 'இரு தரப்பும் கேட்கப்பட வேண்டும்.' தரப்புதான். தரப்பாளர்ங்கிறது உங்க படிவத்துல வந்தது. தரப்பு கேட்டுச்சா இல்லையா? அதைச் சொல்லுங்க."

அதிகாரி சட்டப் புத்தகத்தை எடுத்தார். கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு படித்தார். மறுபடி படித்தார். "தரப்புதான்," என்று முணுமுணுத்தார். பதினைந்து வருடமாக அந்தப் படிவத்தை நிரப்ப வைத்தவர். "சரி, நேரத்தைப் பார்ப்போம்."

இரண்டு பேரும் ஆளுக்கொரு ஸ்டாப் வாட்சோடு ஒலிப்பதிவை முதலிலிருந்து கேட்டார்கள். ஒரு கால் குட்டைக் கால்சட்டை வந்தபோது அதிகாரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. முடிவில் கணக்குப் பார்த்தார்கள். ஆதரவு பன்னிரண்டு நிமிடம் இருபது விநாடி. எதிர்ப்பு பன்னிரண்டு நிமிடம் ஒன்பது விநாடி. அந்த மௌனம் பதினொரு விநாடி.

அதிகாரியின் முகம் மலர்ந்தது. "அடடே! மௌனத்தை எதிர்ப்புல சேர்த்தா ரெண்டும் சரிசமம். விநாடி பிசகாம! என் சர்வீஸ்ல இப்படி வந்ததே இல்லை. சேர்த்துடறேன்."

மேலாளர் துள்ளிக் குதிக்காத குறை. "சேர்த்துடுங்க சார்!"

"சேர்க்காதீங்க சார்," என்றாள் அவள்.

மேலாளர் அவளைப் பார்த்த பார்வையில் ஒரு கிடங்கு மெத்தை இருந்தது.

"அவர் அப்ப எதிர்க்கலை, ஆதரிக்கவும் இல்லை," என்றாள். "யோசிச்சாரு. அதைப் போய் யார் பக்கம் எழுதறது?"

"பேசாம இருந்தா எதிர்ப்புன்னு எடுத்துக்கலாமே?"

"என் வீட்டுக்காரர் பேசாம இருந்தா ஆமாம்னு அர்த்தம் சார்."

அதிகாரி வாய்விட்டுச் சிரித்துவிட்டார். பிறகு அரை மணி நேரம் அந்தப் பதினொரு விநாடிக்காக இருவரும் வாதாடினார்கள். டீ வந்தது, ஆறியது, இன்னொரு டீ வந்தது. அவர் சட்டத்தைக் காட்டினார். அவள் ஒலிப்பதிவைத் திரும்பத் திரும்பப் போட்டாள். இத்தனை சந்தோஷமாக யாரும் தன்னை எதிர்த்துப் பல வருடம் ஆயிற்று என்று அவளுக்குத் தோன்றியது. கடைசியில் அதிகாரி படிவத்தைத் தன் பக்கம் இழுத்து, இரண்டு கட்டத்துக்கும் பக்கத்தில் அளவுகோல் வைத்து மூன்றாவதாக ஒரு கட்டம் போட்டார். 'யோசனை – 11 விநாடி' என்று எழுதினார். கீழே 'குறை இல்லை; நிகழ்ச்சி தொடரலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"இந்தக் கட்டத்தை எல்லா நிலையத்துக்கும் கொண்டு வரலாம்னு மேலிடத்துக்கு எழுதப் போறேன்," என்றார் பையை மாட்டிக்கொண்டே. "ஒத்துக்க மாட்டாங்க."

"யார் யார் ஒத்துக்க மாட்டாங்க சார்?" என்று கேட்டுக்கொண்டே அவள் நோட்டைத் திறந்து ஒரு புதுப் பக்கத்தில் தலைப்பு எழுதினாள்: 'மூன்றாவது கட்டம் – வேண்டாம்.' "போன் நம்பர் இருந்தா குடுத்துட்டுப் போங்க."